400 கிலோமீட்டருக்கு ஏன் 80 நிமிடம்?

இரண்டு சிறிய விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. 400 கிலோமீட்டர் இடைவெளி உள்ள ஒரு ஜோடியைக் கொடுத்தால் ஒரு தளம் 30 நிமிடம் என்று சொல்லும். இன்னொன்று ஒரு மணி நேரம் என்று சொல்லும். சரி என்று டிக்கெட்டைப் பார்த்தால், புறப்படும் நேரத்துக்கும் போய்ச் சேரும் நேரத்துக்கும் நடுவே 1 மணி 20 நிமிடம் இருக்கும். தூரம் ஒன்றுதான், விடை மூன்று.

இந்த மூன்றில் எதையும் பொய் என்று ஒதுக்க முடியாது. ஒவ்வொன்றும் வேறு ஒன்றை அளக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எது எதை அளக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே அரை மணி நேரப் பயணம்தானே என்று கணக்குப் போட்டு, மற்ற வேலைகளை அதன் மேல் அடுக்கிவிடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். அதனால் இந்த நிமிடங்கள் எங்கே போகின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

தூரத்தில் குழப்பம் இல்லை

முதலில் தூரம். இதில் இணையதளங்களைத் தாராளமாக நம்பலாம். அவை காட்டுவது பெருவட்டத் தூரம். ஒரு பூமி உருண்டையை எடுத்து, இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் அந்த நூல் எப்படிப் படிகிறதோ, அதுதான் அந்தக் கோடு. நூலின் இரு முனைகளும் ஊரில் இருப்பதில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஆதாரப் புள்ளி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஓடுபாதைகளின் மையத்தை ஒட்டி இருக்கும். அதன் அட்சரேகை, தீர்க்கரேகை பாகை, நிமிடம், விநாடி வரை பதிவாகியிருக்கும். ஊருக்கு ஊர் தூரமும் விமான நிலையத்துக்கு விமான நிலையம் தூரமும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம்.

பெரும்பாலான தளங்கள் ஹேவர்சைன் என்ற சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அது பூமியை 6,371 கி.மீ. ஆரம் உள்ள சரியான உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. நடுக்கோட்டில் ஆரம் சுமார் 6,378 கி.மீ., துருவத்தில் சுமார் 6,357 கி.மீ. இதனால் வரும் பிழை அதிகம் போனால் அரை சதவீதம். நம் 400 கிலோமீட்டரில் அது 2 கி.மீ.தான். 1975-இல் வெளிவந்த வின்சென்டி சூத்திரம் அந்தத் தட்டையையும் கணக்கில் எடுத்து மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும்.

பூமி வளைந்திருக்கிறதே, அதில் நேரம் போகிறதா என்று சிலர் கேட்பார்கள். 400 கிலோமீட்டரை வளைவின் மேல் கடப்பதற்குப் பதில் மண்ணைக் குடைந்துகொண்டு நேராகப் போனால் மிச்சமாவது சுமார் 66 மீட்டர். விமானம் தரையிலிருந்து 10 கி.மீ. உயரத்தில் போவதால் வட்டம் பெரிதாகி, தூரம் கூடுவது சுமார் 630 மீட்டர். எல்லாவற்றையும் கூட்டினாலும் பயண நேரத்தில் அரை நிமிட வித்தியாசம் வராது.

நீண்ட பயணங்களில் மட்டும் இந்த வளைவு பெரிய விஷயம். 60 பாகை வடக்கு அட்சரேகையில் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே அட்சரேகையை ஒட்டியே போனால் சுமார் 10,000 கி.மீ. துருவத்தின் மேலாகப் போனால் சுமார் 6,670 கி.மீ. 1569-இல் மெர்கேட்டர் வரைந்த வகை வரைபடத்தில் முதல் வழிதான் நேர்கோடாகத் தெரியும். கண்டம் தாண்டும் விமானங்கள் திரையில் வில் போல வளைந்து போவதாகத் தெரிவது இதனால்தான். நம் குறுந்தூர ஜோடிக்கு இந்தக் கவலை இல்லை.

தூரத்தில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். அது மைல் என்ற சொல். விமானிகள் கணக்கிடுவது கடல் மைலில். அட்சரேகையின் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் நீளம் என்று தொடங்கி, 1929-இல் சரியாக 1,852 மீட்டர் என்று முடிவு செய்யப்பட்ட அளவு அது. 400 கி.மீ. என்பது 216 கடல் மைல், ஆனால் சாலை மைலில் கிட்டத்தட்ட 249. இந்த இரண்டு எண்களையும் மாற்றிப் போட்டுக் குழம்பியவர்கள் நிறையப் பேர். நாட் என்ற வேக அளவும் இதே குடும்பம்தான்: மணிக்கு ஒரு கடல் மைல் என்றால் ஒரு நாட்.

நூல் போட்ட கோட்டில் விமானம் போவதில்லை

அப்புறம், அந்த 400 கிலோமீட்டரை எந்தப் பயணிகள் விமானமும் அப்படியே பறப்பதில்லை. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் மேலே ஏற முடியும். ஏறிய பிறகு, அந்த நிலையத்துக்கென்று வகுத்த புறப்பாட்டு வழியில் போய், வான்வழியில் சேர்ந்து, பெயரிட்ட புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, மறுமுனையில் வருகை வழிக்குள் நுழைய வேண்டும். நடுவில் ராணுவ வான்வெளி இருந்தால் சுற்ற வேண்டும். இடிமேகம் நின்றால் அதையும் சுற்ற வேண்டும். இப்படியெல்லாம் சேர்ந்து 400 என்பது 430 ஆகிவிடும்.

வான்வெளி மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரத்துக்குள் முடிந்துகொண்டிருந்த பயணம் 13 மணி நேரத்துக்குப் போனது. இரண்டு நகரங்களும் அதே இடத்தில்தான் இருந்தன, பெருவட்டத் தூரமும் மாறவில்லை.

ஆனால் குறுந்தூரப் பயணத்தில் இந்த 30 கி.மீ. கூடுதலும் நான்கு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். 30 நிமிடம் 80 ஆவதற்கு இது போதாது. மீதியைக் கண்டுபிடிக்க ஒரு பயணத்தை நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டும்.

கைக்கடிகாரத்தோடு ஒரு பயணம்

சின்ன விமானங்களில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்வது என் பழக்கம்: விமானம் முதலில் அசைந்த நேரம், சக்கரம் தரையை விட்ட நேரம், சக்கரம் தரையைத் தொட்ட நேரம், கடைசியாக நின்ற நேரம். விமான நிறுவனங்களும் இதே நான்கையும்தான் பதிவு செய்கின்றன. முதல் நேரத்துக்கும் நான்காவது நேரத்துக்கும் இடைப்பட்டதைத் துறைக்காரர்கள் பிளாக் டைம் என்பார்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும் வரை என்று பொருள். டிக்கெட்டில் இருப்பது இந்தக் கணக்கு. காற்றில் இருந்த நேரம் என்பது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே உள்ளது மட்டும். இணையதளம் சொல்ல முயல்வது அதை.

இப்போது ஏடிஆர் 72 போன்ற, விசிறி சுழலும் ஒரு டர்போப்ராப் விமானத்தை எடுத்துக்கொள்வோம். நிலைவேகம், அதாவது மேலே மட்டமாகப் பறக்கும்போது உள்ள வேகம், மணிக்கு சுமார் 500 கி.மீ. எண்களைப் புரிவதற்காக முழுமையாக்கியே தருகிறேன்.

கட்டையை எடுத்தாயிற்று. சிறிய விமான நிலையங்கள் பலவற்றில் ஓடுபாதைக்கு இணையாகத் தனிப் பாதை கிடையாது. நிறுத்துமிடத்திலிருந்து வரும் ஒரே வழி ஓடுபாதையின் நடுவில் போய்ச் சேரும். அதனால் விமானம் ஓடுபாதையிலேயே மெதுவாக உருண்டு அதன் கடைசி வரை போகும். அங்கே தரை கொஞ்சம் அகலமாக இருக்கும். ஒரு பக்கம் ஒதுங்கி, முன்சக்கரத்தை முழுக்க ஒடித்து, அரைவட்டம் அடித்துத் திரும்பும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இறக்கை நுனி புல்வெளிக்கு மேலே சுற்றி வருவது தெரியும். பிறகுதான் நேராக நிற்கும், அனுமதி கேட்கும், ஓடத் தொடங்கும். ஒன்றரைக் கிலோமீட்டர் உருள இரண்டரை நிமிடம், திரும்ப ஒரு நிமிடம், இறங்கும் வேறு விமானம் ஏதாவது இருந்தால் அது ஓடுபாதையை விட்டு விலகும் வரை காத்திருப்பு. இதற்குள் 8 நிமிடம் போய்விடும். போக வேண்டிய 400 கிலோமீட்டரில் ஒன்றுகூடக் குறையவில்லை.

அடுத்து ஏற்றம். 18,000 அடிக்குப் போக ஏறத்தாழ 18 நிமிடம். ஏறும்போது வேகம் குறைவு, மணிக்கு 370 கி.மீ. அளவில்தான் இருக்கும். இதில் சுமார் 110 கி.மீ. கடக்கும். அப்புறம் மட்டமாகப் பறப்பது. விமானம் தன் முழு வேகத்தில் போவது இந்த ஒரு பகுதியில் மட்டும்தான்: 220 கி.மீ., 26 நிமிடம். பயணிக்குத் தேநீர் கொடுத்து முடிப்பதற்குள் இறக்கம் தொடங்கிவிடும்.

இறக்கத்துக்கு விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு ஆயிரம் அடியைக் குறைக்கவும் மூன்று கடல் மைல் வேண்டும். 18,000 அடிக்கு 54 கடல் மைல், அதாவது சரியாக 100 கி.மீ. ஆகவே போய்ச் சேரும் ஊர் இன்னும் 100 கி.மீ. தள்ளி இருக்கும்போதே இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். அதற்கு 14 நிமிடம். கடைசிப் பத்து கடல் மைலில் சக்கரத்தை இறக்கி, இறக்கை மடிப்புகளை விரித்து, வேகத்தை மணிக்கு 210 கி.மீ. அளவுக்குக் கொண்டுவருவார்கள். நிலைவேகத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்க வேண்டிய அந்தத் துண்டு ஐந்து நிமிடம் எடுக்கும். இந்தத் தாமதத்துக்கும் ஓடுபாதையின் நேருக்கு வந்து சேர்வதற்கும் சேர்த்து இன்னொரு 4 நிமிடம் போட்டுக்கொள்வோம். தரைதொட்டு நிறுத்துமிடம் போக 4 நிமிடம்.

கூட்டினால் காற்றில் 62 நிமிடம், கட்டையிலிருந்து கட்டை வரை 74 நிமிடம். அட்டவணையில் அதை 80 என்று போடுவார்கள். 400 கிலோமீட்டரை 80 நிமிடத்தில் கடந்தால் சராசரி மணிக்கு 300 கி.மீ. நிலைவேகம் 500 உள்ள விமானத்துக்கு!

அதே வழியில் ஒரு ஜெட் போனால்? நிலைவேகம் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அது 27,000 அடிக்கு ஏற 13 நிமிடம், அங்கிருந்து இறங்க 17 நிமிடம், மட்டமாகப் பறக்க வெறும் 12 நிமிடம், ஓடுபாதையின் நேருக்கு வர 4 நிமிடம் என்று 46 நிமிடம் காற்றில் இருக்கும். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இருப்பதால், இரு முனைகளிலும் ஜெட்டின் வேகம் உதவாது. தரையில் உருள்வதில் ஜெட்டுக்குத் தனிச் சலுகை இல்லை. மிச்சமாவது கால் மணி நேரம்தான், அதற்கு எரிபொருள் நிறைய எரிக்க வேண்டும். குறுந்தூர வழிகளில் விசிறி சுழலும் விமானங்கள் இன்னும் நிலைத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இந்த முனைச்செலவு எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு எல்லைகளில் பார்த்தால் நன்றாகப் புரியும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே 1967 முதல் ஒரு விமானச் சேவை இருக்கிறது. தூரம் 2.7 கி.மீ. அட்டவணை நேரம் 2 நிமிடம். அதாவது சராசரி மணிக்கு 81 கி.மீ. அங்கே பறக்கும் ஐலேண்டர் விமானமோ மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. மறு எல்லையில் சிங்கப்பூர் - நியூயார்க்: சுமார் 15,300 கி.மீ., பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல், சராசரி 800 கிலோமீட்டரைத் தாண்டும். இரு முனைகளில் செலவாகும் நிமிடங்கள் நீண்ட பயணத்தில் கரைந்து காணாமல் போகின்றன. குறுகிய பயணத்தில் அவையே பயணம்.

காற்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளும்

போகும்போது எதிர்காற்று என்றால் வரும்போது பின்காற்று, ஆக மொத்தம் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சரியாகாது. 500 கி.மீ. வேக விமானம், 400 கி.மீ. தூரம், காற்று மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 48, வர 48, மொத்தம் 96 நிமிடம். காற்று இருந்தால் எதிரே போகும்போது 60 நிமிடம், கூடவே வரும்போது 40 நிமிடம், மொத்தம் 100. எதிர்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் இழப்புதான் பெரிது. முழுக்கப் பக்கவாட்டில் அடித்தாலும் விமானம் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்தே பறக்க வேண்டும். அதே 100 கி.மீ. காற்று பக்கத்திலிருந்து வந்தால் தரைவேகம் 490 ஆகக் குறையும்.

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று இன்னும் பெரியது. 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 அதில் ஏறிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. டர்போப்ராப் அந்த உயரத்துக்குப் போவதில்லை, ஆகவே அவ்வளவு காற்றும் கிடைக்காது. ஆனால் வேகம் குறைவான விமானம் என்பதால் சாதாரணக் காற்றுகூட அதை அதிகம் பாதிக்கும்.

குறுந்தூரத்தில் என்னைக் கேட்டால் மேலே அடிக்கும் காற்றைவிடத் தரைக்காற்றுதான் முக்கியம். விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். வடக்கிலிருந்து வரும் விமானம், தெற்கு நோக்கி இறங்கலாம் என்றால் நேராக வந்து உட்கார்ந்துவிடும். அன்று காற்று வடக்கிலிருந்து பலமாக அடித்தால், ஓடுபாதையைத் தாண்டி தெற்கே போய், சுற்றித் திரும்பி, வடக்கு நோக்கி இறங்க வேண்டும். ஊரைக் கீழே பார்த்த பிறகும் ஐந்தாறு நிமிடம் விமானம் விலகிப் போவது இதனால்தான். வழிகாட்டும் கருவி ஓடுபாதையின் ஒரு முனைக்கு மட்டும் இருக்கும் சிறிய நிலையங்களில், மேகம் தாழ்ந்திருக்கும் நாட்களில் இந்தச் சுற்று இன்னும் நீளும். ரேடார் இல்லாத இடமென்றால் முன்னால் போனது இறங்கி முடிக்கும் வரை பின்னால் வருவது வட்டமடிக்கும். ஒரு முழு வட்டத்துக்கு நான்கு நிமிடம்.

அட்டவணைக்காரர்களின் கணக்கு

74 நிமிடம் ஆகும் பயணத்துக்கு 80 என்று போடுவதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே சொன்ன திருப்பம், காத்திருப்பு, வட்டம் எல்லாம் தினமும் நடப்பதில்லை, ஆனால் ஏதாவது ஒன்று அடிக்கடி நடக்கும். அதே விமானம் ஒரு நாளில் ஆறு, எட்டு முறை பறக்கும். காலையில் விட்ட பத்து நிமிடத்தை இடையில் எங்கும் பிடிக்க முடியாவிட்டால் இரவு வரை எல்லா ஊருக்கும் அது தொற்றும். அந்த ஆறு நிமிடம் அதைத் தாங்கும் மெத்தை. பருவத்துக்குப் பருவம் காற்று மாறுவதால் இந்த நேரமும் மாறும். உலக அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகின்றன. அதே எண்ணுள்ள விமானத்துக்கு அன்று முதல் ஐந்து நிமிடம் கூடியோ குறைந்தோ இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதும் நினைவில் இருக்கட்டும். நேர மண்டலம் மாறினால் வெறுமனே கழித்துப் பார்ப்பது தப்பான விடையைத் தரும்.

இனி அந்த மூன்று விடைகளுக்கு வருவோம். 30 நிமிடம் என்று சொன்ன தளம் 400-ஐ ஜெட்டின் 800-ஆல் வகுத்ததோடு நிறுத்திக்கொண்டது. ஒரு மணி நேரம் என்று சொன்னது, அதோடு ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தது. இந்த இரண்டாவது முறை உண்மையில் நல்ல முறை. தப்பு எங்கே என்றால், எந்த விமானம் என்று அது கேட்கவில்லை. 800-க்குப் பதில் டர்போப்ராப்பின் 500-ஆல் வகுத்தால் 48 நிமிடம், அரை மணி சேர்த்தால் 78. டிக்கெட்டுக்கு இரண்டு நிமிடம்தான் குறைவு. நாம் ஜெட்டுக்குப் போட்ட கணக்கிலும் காற்றில் 46, தரையில் 12 என்று 58 நிமிடம்தான் வந்தது, தளம் சொன்ன ஒரு மணி நேரத்துக்கு அருகில்.

அதனால் டிக்கெட் எடுக்கும்போது விமான வகை என்ற சின்ன எழுத்து வரியைப் பாருங்கள். ஏடிஆர் அல்லது ஏடி7 என்று இருந்தால் 500-ஆல் வகுங்கள். 320, 737 போன்ற எண் இருந்தால் 800-ஆல் வகுங்கள். இரண்டிலும் அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். அதே விமானம் கடந்த ஒரு வாரத்தில் உண்மையில் எத்தனை மணிக்கு நின்றது என்பதைப் பறப்பைப் பின்தொடரும் தளங்களில் ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த விமானத்துக்கோ ரயிலுக்கோ எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.